பள்ளத் தெருவும் நூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோவும்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் ‘அரை கிராம்’ என்று பெயர். கடைகளில் இருக்கும் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆய்வாளர் வேலை. பெட்டியைத் திறந்து எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துத் தராசில் வைப்பார். அரை கிராம் பிசகினாலும் விட மாட்டார். கடைக்காரர் நீட்டும் தேநீரைத் தொட மாட்டார். தொண்டை வறண்டால் தன் பாட்டிலில் இருக்கும் தண்ணீரைத்தான் குடிப்பார்.

அக்கா அவருக்கு ஒரு படி மேலே. வீட்டு வாசலில் யாராவது பையோடு நின்றால், பையில் என்ன, வந்தது யார் என்றெல்லாம் பார்க்க மாட்டாள், கதவைச் சாத்திவிடுவாள். ஒருமுறை நான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய், கூடப்பிறந்த தம்பி என்று நிரூபிப்பதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவளிடம் நகை இல்லை, பெருமையடித்துக்கொள்ளப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் இல்லை. ‘எங்க வீட்டுக்காரர் கை நீட்டாதவர்’ என்ற ஒன்றைத்தான் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

இப்படியிருந்த மனிதர் நாற்பத்தெட்டாவது வயதில் க்ரூஸர் வாங்கினார்.

க்ரூஸர் என்றால் காலை முன்னால் நீட்டி, முதுகைச் சாய்த்து, வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பது போல ஓட்ட வேண்டிய மோட்டார் சைக்கிள். முந்நூற்றைம்பது சிசி. ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் பிடித்தால் ஆள் யாரையோ கட்டிப்பிடிக்கப் போவது போல இருக்கும். மாமா உயரத்தில் கொஞ்சம் சிக்கனம். ஷோரூமில் இருந்த விற்பனையாளர், “சீட்டு எவ்ளோ கீழ இருக்கு பாருங்க சார், உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு” என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் மாமாவின் முகத்தில் ஒரு ஒளி வரும். உண்மையில் உட்கார்ந்தால் இரண்டு கால் கட்டைவிரல்கள் தரையில் பட்டன. குதிகால் படவில்லை. ஓடும்போது குதிகால் எதற்கு என்று அவர் கேட்டார்.

பழைய ஸ்கூட்டரை என் தலையில் கட்டினார். கருப்பு ஜாக்கெட் வாங்கினார். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரன் கேட்காமலேயே, “நூத்தித் தொண்ணூத்தஞ்சு கிலோ” என்று எடையைச் சொல்வார். தொழில் புத்தி.

அந்த எடை என்னவென்று அவருக்கு முதலில் தெரிந்தது ஒரு கண் மருத்துவமனையின் வாகன நிறுத்தத்தில். அக்காவுக்குக் கண்ணைக் காட்டப் போயிருந்தோம். அங்கே தரை மதில் சுவரை நோக்கிச் சரிந்திருந்தது. மாமா ஒய்யாரமாக இறங்கி, முன் சக்கரம் சுவரைத் தொடும்படி நிறுத்தினார். திரும்பி வந்து பார்த்தால் வண்டியைப் பின்னால் எடுக்க முடியவில்லை. அதற்குப் பின்னால் போகிற கியர் கிடையாது. காலை ஊன்றித்தான் தள்ள வேண்டும். ஊன்றுவதற்குக் குதிகால் எட்ட வேண்டும். அக்கா கண்ணில் சொட்டு மருந்தோடு ஒரு பக்கம் இழுக்க, நான் மறுபக்கம் இழுக்க, மாமா சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, “மெதுவா, பெயின்ட்டு, பெயின்ட்டு” என்றார்.

“எறங்கி நின்னு தள்ளுங்களேன்!” என்றாள் அக்கா.

“இந்த வண்டிய எறங்கித் தள்ளினா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?”

அன்றிலிருந்து ஊரின் சரிவுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. எந்தக் கடை முன்னால் தரை சமம், எங்கே நிற்காமலேயே வட்டமடித்துத் திரும்பலாம் என்பது அவருக்கு அத்துப்படி. போக வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, வண்டி திரும்ப வசதியான இடத்துக்குப் போய் வருவார். அலுவலகத்தில் மட்டும், முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறக்கூடிய ஒரே இடத்தைப் பிடிக்க, மற்றவர்களுக்கு அரை மணி நேரம் முன்பே போய்ச் சேர்வார். என்ன ஒரு கடமை உணர்ச்சி என்று அலுவலகமே மெச்சியது.

சிக்கல் பள்ளத் தெருவில் இருந்தது. பதினொரு கடைகள். தெரு மேலிருந்து கீழே இறங்கி, ஒரு கிடங்கின் சுவரில் முட்டி முடிந்துவிடும். ஒரே வீச்சில் திரும்ப அகலம் போதாது. மாமா மாதாமாதம் எடைப் பெட்டியோடு தெரு முனை வரை போவார், எஞ்சினை அணைக்காமல் கீழே ஒரு பார்வை பார்ப்பார், போய்விடுவார்.

“வண்டிய மேலயே நிறுத்திட்டு நடந்து போங்க மாமா. நூறு மீட்டர் இருக்குமா?”

“இவ்ளோ பெரிய வண்டிய வாங்கிட்டு நடக்கவா மாப்ள?”

ஒன்றைச் சொல்ல வேண்டும். பார்க்காத கடையைப் பார்த்ததாக அவர் எழுதவில்லை. பொய் எழுத அவருக்குக் கை வராது. அதனால் பதிவேட்டில் பள்ளத் தெருவுக்கு நேராகப் பதினான்கு மாதம் வெள்ளையாகவே கிடந்தது. நாணயம் இல்லாதவராக இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

பதினைந்தாவது மாதம் யாரோ ஒரு பெண்மணி பள்ளத் தெருவில் வாங்கிய அரிசியை வீட்டில் நிறுத்துப் பார்த்துவிட்டு மனு போட்டுவிட்டார். பதிவேட்டை எடுத்தார்கள். ஊரெல்லாம் சோதனை நடந்திருக்கிறது, ஒரு தெருவில் மட்டும் நடக்கவில்லை. இதற்கு என்ன காரணம் என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அரை கிராம் கை நீட்டிவிட்டார்.

மேலதிகாரி ஒரு பெண்மணி, கறாரானவர். இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டார். மாமா வாயைத் திறக்கவில்லை. லஞ்சம் வாங்கினான் என்று சொன்னால் தாங்கிக்கொள்வார் போலிருக்கிறது, வண்டியை எடுக்கத் தெரியாதவன் என்று சொன்னால் தாங்க மாட்டார். அக்காதான் சாப்பாட்டு மேசையில் தாளை வைத்துப் பேனாவைக் கையில் திணித்தாள்.

“எழுதுங்க. வண்டி எடுக்க வராதுன்னு எழுதுங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. திருடன்னு சொல்ல விட்றாதீங்க.”

எழுதினார். ‘மேற்படி தெருவில் வாகனத்தைப் பின்புறமாக எடுக்க இயலாமையால்’ என்று ஒரே ஒரு வரி. அதற்கு ஒரு மாலை முழுக்க ஆயிற்று.

மேலதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “பணம் வாங்கினேன்னு எழுதியிருந்தாக்கூட நம்பியிருப்பேன் சார். தெனமும் அந்த வண்டியில காலை நீட்டிக்கிட்டு வர்றீங்க, நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான இருக்கேன்?” பிறகு என்ன நினைத்தாரோ, “சரி, நேர்லயே பாத்துடலாம்” என்றார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளத் தெருவில் கூட்டம். கடைக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மேலதிகாரி கோப்போடு நின்றார். நானும் அக்காவும் கிடங்குச் சுவரோரம் நின்றோம்.

“இன்னைக்கு ஒரு நாள் அவமானப்பட்டுட்டார்னா போதும்டா” என்று அக்கா என் காதில் சொன்னாள். அவள் கை என் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தது.

மாமா வண்டியோடு சரிவில் இறங்கி வந்து சுவருக்கு நேராக நிறுத்தினார். “எடுங்க சார்” என்றார் மேலதிகாரி. மாமா காலை ஊன்றி இழுத்தார். அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தார். அதுவும் நேர்மையான இழுப்புதான், நடிப்பில்லை. வண்டி மலை போல நின்றது. மேலதிகாரி பேனா மூடியைத் திறந்துவிட்டார். அக்கா மூச்சு விட்டாள்.

அப்போதுதான் அரிசிக் கடைக்காரர் எழுந்து, “பாவம் மேடம், விட்டுடுங்க. சின்ன ஆளு. அவரால எப்படி முடியும்?” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நாலைந்து பேர் உச்சுக் கொட்டினார்கள்.

மாமாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். முன் பிரேக்கைப் பிடித்தார். முழு உடம்பையும் ஹேண்டில் மேல் போட்டு முன்பக்கத்தை அமுக்கினார். ஸ்பிரிங் மேலே எழும்பும் நொடியில் பிரேக்கை விட்டு, இரண்டு கட்டைவிரலாலும் தரையை உந்தினார். வண்டி நாலு அங்குலம் பின்னால் வந்தது. யூடியூபில் நூறு முறை பார்த்த வித்தை, ஒரு நாளும் பலித்ததில்லை.

“வேணாங்க,” என்றாள் அக்கா. சத்தம் வரவில்லை. “விட்டுடுங்க.”

அவர் அவளைப் பார்த்தார். பார்த்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள் கண்ணால் கெஞ்சுகிறாள். அவர் மறுபடி அமுக்கி விட்டார், மறுபடி நாலு அங்குலம். அமுக்கி, விட்டு, உந்தி, ஹேண்டிலை ஒடித்து, முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம் என்று திருப்பி, அப்படியே உறுமிக்கொண்டு மேடேறிப் போய்த் தெரு முனையில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தெருவே கைதட்டியது. வெட்கக்கேடு, நானும் தட்டினேன். அக்கா என்னைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

‘வாகனத்தைப் பின்புறமாக எடுக்கும் திறன் உடையவர் என்பது நேரில் காணப்பட்டது’ என்று மேலதிகாரி எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது, கண்டதைத்தான் எழுதினார். மாமாவை வெளிவேலையிலிருந்து எடுத்துவிட்டுப் பதிவறையில் போட்டார்கள். பள்ளத் தெருவுக்கு வேறு ஆய்வாளர் இன்னும் நியமிக்கப்படவில்லை.

அக்கா மாமாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் மணி அடித்தது. நான் அங்கேதான் இருந்தேன். பள்ளத் தெரு வியாபாரிகள் சார்பில் ஒருவர் ஜரிகைத் தாள் சுற்றிய பெட்டியோடு நின்றார். முந்திரி, பாதாம். “சார் எங்கள மாட்டிவிடலல்ல, அதுக்குதான். இவ்ளோ நாளா சார் வாங்க மாட்டார்னு நெனச்சு நாங்களும் குடுக்காம இருந்துட்டோம், தப்பா எடுத்துக்காதீங்கம்மா” என்று அதைத் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா கதவைச் சாத்தவில்லை. சாத்த மறந்து நின்றாள். “இந்த வாசல்ல வந்து நிக்க ஒருத்தனுக்கும் தைரியம் இருந்ததில்லடா,” என்றாள். பிறகு அழுதாள். அழுது நான் பார்த்ததில்லை. மாமா சமையலறை வாசலில் டம்ளரோடு நின்றார், அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். முகம் ஒட்டிப்போயிற்று.

“மாப்ள, பெட்டிய எடு” என்றார்.

நான் பின்னால் உட்கார்ந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். பள்ளத் தெருவில் இறங்கும்போது, “எறங்கினா என்ன, எடுக்கத்தான் கத்துக்கிட்டாச்சே” என்றார். கிடங்குச் சுவரை ஒட்டியிருந்த அரிசிக் கடை வாசலில் நிறுத்தி, பெட்டியைத் தராசின் மேலேயே வைத்து, “இத உங்க ஆளுங்ககிட்ட குடுத்துடுங்க. நான் வாங்கறவன் இல்ல” என்றார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்து வண்டியில் ஏறினார். அமுக்கினார், விட்டார், உந்தினார். அசையவில்லை. மறுபடி அமுக்கினார். பத்து முறை, பதினைந்து முறை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வண்டி பின்னால் வருவதற்குப் பதிலாக ஒரு முழம் முன்னால் போய்ச் சுவரில் மோதி நின்றது. கடைசியில் அரிசிக் கடைக்காரரும் பக்கத்துக் கடைகளிலிருந்து மூன்று பேரும் இறங்கி வந்தார்கள்.

அரிசிக் கடைக்காரர் வாயைப் பிளந்தார். “அப்ப நெஜமாவே உங்களுக்கு எடுக்க வராதா சார்? ஐயோ, நம்மள்ல யார் காசு குடுத்ததுன்னு நாங்க ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்பட்டுட்டு இருந்தோமே!”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “அண்ணே, இத அப்படியே ஒரு தாள்ல எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எங்க அக்காவுக்காக.”

அவர் என்னைப் பார்த்தார், கடைக்குள் இருந்த தராசைப் பார்த்தார், மாமாவின் தோளை ஆறுதலாகத் தட்டினார்.

“எழுதிக் குடுக்கலாம்தான் தம்பி. ஆனா எழுதிக் குடுத்தா சார மறுபடி இங்கயே போட்டுடுவாங்களே.”

பிறகு நான்கு பேரும் சேர்ந்து, பெயின்ட்டில் ஒரு கீறல் விழாமல், வண்டியையும் மாமாவையும் தெரு முனை வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார்கள்.