மூன்று முறை மாற்றிய கண்ணாடி

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அப்பா இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. பூசை முடிந்து பந்தியில் உட்காருவதற்கு முன் இந்த நினைவு மலரைப் புரட்டுவீர்கள் என்று தெரியும். நல்லதை மட்டும் எழுதம்மா என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். நல்லதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா பொம்மிடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். ரயில் தண்டவாளத்தில் வேலை பார்த்த தாத்தா, அப்பாவின் பன்னிரண்டாவது வயதிலேயே காலமானார். படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. சேலத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் சேர்ந்து, விரலெல்லாம் வெட்டுப்பட்டுத் தொழில் கற்றார். பிறகு தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்தார். இயேசு படம், முருகன் படம், மெக்கா படம் எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு செய்வார். குடித்ததில்லை, வட்டிக்கு விட்டதில்லை. இறந்துபோன குழந்தையின் படம் வந்தால் கூலி வாங்க மாட்டார். இவ்வளவும் உண்மை.

பக்கத்தில் மெத்தைக் கடை. அதை வைத்திருந்தவரை நாங்கள் பாய் மாமா என்போம். அப்பாவுக்கு அவரைவிட நெருங்கிய சிநேகிதர் கிடையாது. மாலை டீயை இருவரும் சேர்ந்தே குடிப்பார்கள். ஊர் எப்படிக் கெட்டுப்போய்விட்டது என்பதுதான் பேச்சு. சாராயம், வட்டி, வரதட்சணை, கருக்கலைப்பு என்று ஒவ்வொன்றாக விசாரணைக்கு வரும். வேதம் வேறானாலும் தீர்ப்பு ஒன்றாகவே இருக்கும். விவாகரத்தில் மட்டும் முட்டிக்கொள்வார்கள். அதையும் சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள், அவரவர் மகள்கள் அடிபட்டு வந்து நிற்கும்வரை.

பாய் மாமாவின் மகள் நசீமா முதலில் வந்தாள். புருஷன் கையில் சூடு வைத்திருந்தான். அவர்களில் மனைவி கேட்டு வாங்குகிற விவாகரத்து உண்டு, குலா என்பார்கள். மாமா ஜமாஅத்தில் மனு கொடுத்து, மாப்பிள்ளை மஹராகப் போட்ட நகையைத் திருப்பிக் கொடுத்து, மகளை மீட்டுக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, சேலத்தில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் அக்கா வந்தாள். கையில் கல்யாணப் படம், அப்பாவே பிரேம் போட்டுக் கொடுத்தது. அக்காவின் கணவர் அதைத் தூக்கி அவள்மேல் எறிந்ததில் கண்ணாடி உடைந்திருந்தது. அப்பா அவள் நெற்றியைப் பார்க்கும் முன் படத்தைப் பார்த்தார். புதுக் கண்ணாடி வெட்டினார். அதைத் தாளால் துடைத்துக் கொடுத்தது நான்தான். அன்றே அக்காவைப் பஸ்ஸில் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார்.

இரண்டாவது முறையும் படத்தோடு வந்தாள், கண்ணாடி மாற்றித் திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறை வந்தபோது அவளுக்கு இடது காது கேட்கவில்லை. "கண்ணாடி வேண்டாங்கப்பா, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றாள். அப்பா கண்ணாடி வெட்டும் பேனாவை எடுத்துக்கொண்டே, "அஞ்சு நிமிசம் உக்காரு, மாட்டிடறேன்" என்றார்.

பாய் மாமா கடையை விட்டு எழுந்து வந்தார். அப்பா அவரைப் பேசவே விடவில்லை. "உங்கள்ல அது ஒப்பந்தம் பாய். எங்கள்ல அருட்சாதனம். கடவுள் போட்ட முடிச்சை நாம அவுக்க முடியாதுங்க."

"புள்ளைக்குக் காது போயிடுச்சுங்கண்ணே. அதையும் கடவுள்தான் பண்ணுனாருங்களா?"

அப்பா பஸ் நேரம் ஆகிறது என்றார்.

நான்காவது முறை அக்கா படமில்லாமல் வந்தாள். எங்கள் வாசலுக்கு வராமல் நேரே பாய் மாமா வீட்டுக்குப் போனாள். மாமி அவளைத் தன் மகளோடு படுக்க வைத்துக்கொண்டார். பிறகு கோர்ட்டில் விவாகரத்து ஆயிற்று. அதியமான்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அப்பா பாய் மாமாவோடு டீ குடிக்கவில்லை.

மாமா மட்டும் தேவதூதர் என்று நினைத்துவிடாதீர்கள். நசீமாவுக்கு மறுமணம் பேசியபோது, அவளுடைய மூன்று வயது மகளைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நசீமா காலில் விழுந்து அழுதாள். முறை அதுதான் என்றார். அப்பாவும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்.

அம்மாவின் நினைவுப் பூசைக்கு அக்கா வந்தாள். கோயிலில் நற்கருணை அப்பம் வழங்கும் பணியாளராக அப்பா இருந்தார். விவாகரத்தாகி மறுமணம் செய்தவள் அதை வாங்கக் கூடாது என்று அக்காவுக்குத் தெரியும். அம்மா நாள் என்பதால் வரிசையில் நின்றுவிட்டாள். உள்ளங்கையை நீட்டினாள். அப்பா கையில் எடுத்த அப்பத்தைப் பாத்திரத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, "அடுத்து" என்றார். அக்கா நீட்டிய கையோடு நின்றாள். உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள், குனிந்துகொண்டீர்கள். நானும் குனிந்துகொண்டேன்.

சென்ற ஆண்டு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு நின்றது, நினைவு நிற்கவில்லை. யாரும் கூப்பிடாமலே அக்கா வந்தாள். ஆறு நாள் துடைத்தாள், புரட்டிப் படுக்க வைத்தாள், கஞ்சி ஊட்டினாள். அப்பா குடித்தார். கண்ணை மூடிக்கொண்டே குடித்தார்.

ஏழாம் நாள் காலையில், புதிதாக மாற்றலாகி வந்த ஃபாதர், சாகும் தறுவாயில் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வந்தார். எங்கள் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது. நற்கருணையில் ஒரு துணுக்கைத் தண்ணீரில் நனைத்து, தலைமாட்டில் இருந்த அக்காவிடம் கரண்டியைக் கொடுத்தார். அப்பா கண்ணைத் திறந்து, யார் கை என்று பார்த்தார். வாயை இறுக மூடிக்கொண்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். கரண்டியை நான் வாங்கியிருந்தால் அப்பா வாயைத் திறந்திருப்பார். ஐம்பது வருடம் ஞாயிறு பூசை தவறாதவர் கடைசி நற்கருணை கிடைக்காமல் போகப்போகிறார் என்று எனக்குத் தெரியும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஃபாதர் கொஞ்சம் பார்த்தார். "முழுங்க முடியல போல. வீணாக்கக் கூடாது, நீயே எடுத்துக்கம்மா" என்றார். விஷயத்தைச் சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. அக்கா அப்பாவைப் பார்த்துக்கொண்டே அதை விழுங்கினாள். அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் போய்விட்டார்.

அடக்கத்துக்கு வந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. பதினோரு வருடம் பேசாதவரின் குழிக்கு வந்து ஒரு பிடி மண் போட்ட பாய் மாமாவுக்கும் நன்றி. இந்த மலரின் பிள்ளைகள் பட்டியலில் சித்தப்பா அடித்துவிட்ட அக்காவின் பெயரைத் திரும்பச் சேர்த்த அச்சகத்தாருக்கு நன்றி.

எல்லாருக்கும் மேலாக, விவரம் தெரியாமல் அக்காவுக்கு நற்கருணை கொடுத்த ஃபாதருக்கு எங்கள் நன்றி. இதைப் படித்துத்தான் விவரம் தெரிகிறது என்றால் மன்னியுங்கள் ஃபாதர், அக்கா அதை விழுங்கி ஒரு வருடம் ஆகிவிட்டது.

இப்படிக்கு,
இளைய மகள்