ஓடுவதற்கு முன் வாயைத் திற

பி.டி. வாத்தியார் என்றால் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறவன் என்றுதான் ஊரில் பலருக்கு நினைப்பு. விசிலும் கையுமாக வெயிலில் காய்கிற சக பாவப்பட்டவர்களே, நம் வயிற்றெரிச்சல் நமக்குத்தானே தெரியும்!

பறிபோன பீரியட்

அன்னவாசல் பக்கம் எங்கள் பள்ளி. பரீட்சை நெருங்கினால் விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டார். அன்றைக்கும் எட்டாம் வகுப்பை அப்படியே உட்கார வைத்துவிட்டு, ரோஜாவை மட்டும் வெளியே அனுப்பினார். நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வருகிற பெண். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால்கூடக் குரல் வராது. இவளுக்கு மட்டும் கணக்கு வேண்டாமா என்று கேட்டேன்.

"கூட்டிட்டுப் போயி ஓட விடுங்க சார். அது உள்ள இருந்தாலும் ஒண்ணுதான், வெளிய இருந்தாலும் ஒண்ணுதான்."

ரத்தத்தில் இருக்கிறதாம்

ஓட விட்டேன். மூன்று மாதம், தினமும் காலையில் மைதானத்து முள்ளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு ஓடினாள். பாதத்தில் கொப்புளம் வந்த நாளிலும் ஓடினாள். சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டியில் நானூறு மீட்டரில் முதலாவதாக வந்தாள். பக்கத்துப் பள்ளி வாத்தியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாராட்டத்தான் வந்தாராம்.

"இதுங்களுக்கு ஓட்டம் ரத்தத்துலயே இருக்கு சார். நம்ம புள்ளைங்கதான் பாவம், பழகி ஓடணும்."

மேஜைக்கு முன்னால்

மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். ரோஜா கோட்டில் நிற்கப் போகும் நேரம் பார்த்து வேறு பள்ளி வாத்தியார் ஒருவர் ஆட்சேபம் கிளப்பினார்: வயது கூடுதலாகத் தெரிகிறது, இந்த ஜனங்கள் வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிச் சேர்த்திருப்பார்கள் என்று. பிறந்த தேதி எழுதித் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட படிவம் மேஜையிலேயே கிடக்கிறது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. வேறு எந்தப் பிள்ளையின் வயதையும் கேட்கவில்லை. நடுவர் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, வாயைத் திற, கடைவாய்ப் பல்லைப் பார்ப்போம் என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயில் வந்ததென்னவோ 'சார்... சார்...' மட்டும்தான். வெட்கக்கேடு.

ரோஜா பேசினாள். குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை.

"மாட்டுக்குத்தான் சார் பல்லப் பிடிச்சுப் பாப்பாங்க. நான் ஸ்கூல்ல படிக்கிறேன், அந்த ஃபாரத்தைப் பாருங்க."

இரண்டாம் இடம்

பார்த்தார்கள். ஓட விட்டார்கள். ஒரே ஒரு எட்டு வித்தியாசத்தில் முதலிடம் போயிற்று. மாநிலப் போட்டியும் போயிற்று. நின்று பதில் சொன்ன படபடப்போடு ஓடினால் வேறென்ன ஆகும்? அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த வருசமும் வருவேன் சார். அப்பயும் இவங்கதான் இருப்பாங்களா?"

விளையாட்டுதான் பிள்ளைகளை வளர்க்கும் என்று பரிசளிப்பு மேடையில் பேசினார்கள்; வளர்ந்தவள் என்னவோ ரோஜாதான், மேஜையைச் சுற்றி நின்ற பெரியவர்கள் நாங்கள் அப்படியேதான் இருந்தோம்.