பின் அச்சுக்குள் இருந்து வந்த பாட்டு

கரம்பொன்னிலிருந்து வேலணைப் பக்கம் போகும்போது, வேகமுள் ஐம்பதைத் தொட்டதும் எங்கள் பிக்கப் பாடத் தொடங்கும். முதலில் மெல்லிய முனகல். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஊ என்று நீண்ட ஊளை. அதற்கு மேல் போனால் நானும் மனைவியும் கத்தித்தான் கதைக்கவேண்டும்.

கலியாண வீடுகளுக்கும் திருவிழாக்களுக்கும் கதிரை, மேசை, சமையல் கிடாரம் வாடகைக்குக் கொடுப்பது என் தொழில். அந்தப் பிக்கப்தான் தொழிலின் பாதி. கொஞ்ச நாளாக நான் ஹோர்ன் அடிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. சத்தம் கேட்டதுமே வீட்டார் படலையைத் திறந்துவைத்துவிடுவார்கள். "மேளகாரருக்கு முதல் நாதஸ்வரம் வந்திட்டுது" என்று ஒரு பெண்ணின் தகப்பன் சொல்ல, பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் மட்டும், இது நடுவழியில் படுத்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டாரை எதில் இருத்துவது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலணையில் வாகனம் திருத்தும் கராச் வைத்திருப்பவர் என்னைவிட இளையவர். எதையும் சந்தேகமில்லாமல் சொல்வார்.

"அண்ணை, இது ரயர். தேஞ்சு போச்சு, அதுதான் கத்துது."

முன் ரயரைப் பின்னுக்கும் பின் ரயரை முன்னுக்கும் மாற்றினோம். பாட்டு மாறவில்லை.

"அப்ப சில்லுப் பெயாரிங்தான்."

பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தார். அது எண்ணெய் பூசியதுபோல வழுக்கிக்கொண்டு சுற்றியது. அவர் தலையைச் சொறிந்தார்.

"ஓடேக்கை ஆராவது பின்பெட்டியிலை இருந்து கேட்டால்தான் அண்ணை பிடிக்கலாம். எனக்கு இண்டைக்கு ஏலாது, கை நிறைய வேலை."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவள். முப்பது பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது சுருதி விலகுவது எந்த வரிசையில் எந்தப் பிள்ளை என்று முகம் திருப்பாமலே சொல்லக்கூடியவள். நான் சொல்லி முடிக்கமுன்னமே சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழும்பிவிட்டாள்.

"வாருங்கோ. நான் கேக்கிறன்."

முதலில் எனக்குப் பக்கத்தில் இருந்து கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலில் தாளம் போட்டபடி, எனக்குக் கட்டளை இட்டாள். "அழுத்துங்கோ... இப்ப காலை எடுங்கோ... திரும்பவும்." பிறகு கண்ணைத் திறந்தாள்.

"காலை எடுக்கேக்கை சுருதி மாறேல்லை. குரல்தான் மாறுது. அழுத்தேக்கை ஊளை, விடேக்கை உறுமல். நியூட்றலிலை விட்டுப் பாருங்கோ."

நியூட்றலில் விட்டேன். எஞ்சின் அடங்கிச் சும்மா உருண்டது. சத்தம் மட்டும் எங்களோடு கூடவே வந்தது.

"அப்ப எஞ்சின் இல்லை. வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுங்கோ."

ஆளில்லாத வெளியில் பாம்புபோல வளைந்து வளைந்து ஓட்டினேன். சத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை. சில்லுப் பெயாரிங் என்றால் ஒரு பக்கம் பாரம் சாயும்போது சத்தம் மாறவேண்டும் என்று கராச்சுக்காரர் சொல்லியிருந்தார்.

"நான் பின்னாலை போறன்" என்றாள் மனைவி.

பின்பெட்டியில் கதிரைகளுக்கு விரிக்கும் பழைய பாய் கிடந்தது. அதை விரித்தாள். வெயிலுக்கும் புழுதிக்கும் மேசை விரிப்பொன்றை எடுத்துத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள். அது வெள்ளை விரிப்பு. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு துண்டு என்னிடம் இருந்தது. அதன் ஒரு நுனியைத் தளத்தில் இருந்த துருப்பிடித்த ஓட்டைக்குள்ளால், பின் சில்லுகளை இணைக்கும் அச்சின் மேல் தொங்கவிட்டு, மற்ற நுனியைக் காதில் வைத்துக்கொண்டு சரிந்து படுத்தாள். ஒரு கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மெல்லமா எடுத்துப் போட்டு, பிறகு கெதியா விடுங்கோ!"

ஊர்காவற்றுறைப் பக்கமாகத் திருப்பி ஓட்டினேன். எங்கள் ஒழுங்கை றோட்டில் ஏறும் முடக்கில் ஒரு கடை இருக்கிறது. கடைக்காரர் முன்பு தெற்கில் ஒரு ஊரில் பெரிய கடை வைத்திருந்தவர். எல்லாருக்கும் உதவி செய்ய ஓடுகிற மனுசன். அந்த நேரம் பார்த்து அவர் வாசலில் நின்றிருக்கிறார். நான் ஊளையிட்டபடி கடந்து போனபோது அவர் கண்டது, வெள்ளைத் துணியால் மூடி, காற்றில் அது விலக முகம் தெரியக் கிடக்கும் என் மனைவி, துணிக்குள்ளிருந்து நீளும் ஒரு குழாய், ஆசுப்பத்திரித் திசையில் பறக்கும் வாகனம்.

கண்ணாடியில் பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் அவர் பின்னால் வந்துகொண்டிருந்தார். இடுப்பில் கட்டிய சாரம் காற்றில் பாய்மரம்போல உப்பியிருந்தது. என்னை முந்திக்கொண்டு போய், ஒரு கையால் ஹோர்னை அமத்திப்பிடித்தபடி மற்றக் கையை வீசி வீசி முன்னால் நின்ற ஆடுகளையும் சைக்கிள்காரரையும் துரத்தத் தொடங்கினார்.

"விலத்துங்கோ! ஆசுப்பத்திரிக்குப் போற வாகனம்! விலத்துங்கோ!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரோ ஒருவருக்கு ஏதோ நடந்துவிட்டது, அவருக்கு உதவிக்கு ஓடுகிறார் என்றுதான் நினைத்தேன். நாமும் போய்ப் பார்க்கலாம் என்று அவருக்குப் பின்னால் இன்னும் வேகமாக ஓட்டினேன். அவர் திரும்பிப் பார்த்து, நான் வேகம் கூட்டியதைக் கண்டு, நிலைமை மோசம் என்று நினைத்துத் தானும் கூட்டினார். பஸ்ஸுக்கு நின்ற சனம் தலையில் கைவைத்தது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

ஆசுப்பத்திரி வாசலில் அவர் நிறுத்த, நானும் நிறுத்தினேன்.

"ஆருக்கு என்ன அண்ணை?" என்று நான் இறங்கி ஓடினேன்.

"என்னட்டைக் கேக்கிறீரோ? தங்கச்சிக்கு என்ன? பாம்போ?"

அப்போது வெள்ளைத் துணி அசைந்தது. மனைவி தலைவிரிகோலமாக எழும்பி இருந்தாள். முகமெல்லாம் புழுதி, காதில் குழாய், கண்ணில் பெரிய சந்தோசம்.

"இஞ்சருங்கோ, கண்டுபிடிச்சிட்டன்! சில்லிலை இல்லை. நட்ட நடுவிலை, அந்த உருண்டைக்குள்ளை!"

கடைக்காரர் அப்படியே மோட்டார் சைக்கிளின் மேல் சரிந்தார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு வராமல், தொடையில் அடித்து அடித்து. வாசலில் தள்ளுகட்டிலோடு ஓடிவந்த ஊழியர் எங்களைப் பார்த்தார், பிக்கப்பைப் பார்த்தார். "நோயாளி ஆர்?" என்றார். மனைவி பிக்கப்பின் பின் அச்சைக் காட்டினாள். அதற்குப் பிறகு எங்கள் நால்வராலும் ஒழுங்காக நிற்க முடியவில்லை.

பின் அச்சின் நடுவில் பூசணிக்காய்போல உப்பிக்கொண்டிருப்பது டிபரன்ஷல். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை இரண்டு பின் சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அடுத்த நாள் வேலணையில் கராச்சுக்காரர் அதன் அடியிலிருந்த திருகாணியைக் கழற்ற, எண்ணெய் ஒழுகியது. வெயிலில் அது மினுங்கியது, கலியாண வீட்டில் பெண்பிள்ளைகள் கன்னத்தில் பூசும் மினுக்குத் தூள்போல.

"தேஞ்ச இரும்பு அண்ணை" என்றார். எஞ்சின் பக்கமிருந்து நெடுந்தண்டு வந்து பூட்டும் இடத்தைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். அது பால்பல்போல ஆடியது. "முன் பெயாரிங் செத்துப் போச்சு. பல்லெல்லாம் நல்லாயிருக்கு. அக்காவின்ரை காதுக்கு ஒரு சோடி தோடு வாங்கிக் குடுங்கோ."

பட்டணத்துக்குப் போய்ப் பெயாரிங்குகளும் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் சீலும், அவற்றுக்கிடையில் நசுங்கி இறுகும் ஒரு வளையமும் வாங்கி வந்தேன். அந்த வளையத்தை இறுக்குவதுதான் நுணுக்கம். கொஞ்சம் இறுக்கி, கையால் சுற்றிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கவேண்டும். கூடிவிட்டால் அது பிறகு உதவாது. நான் நீள இரும்புக் குழாயொன்றை முடுக்கும் சாவியின் பிடியில் செருகி, உற்சாகத்தில் ஒரு தரம் கூட இழுத்துவிட்டேன். கராச்சுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். திரும்பவும் பட்டணம், திரும்பவும் ஒரு வளையம். பஸ்ஸில் வரும்போது அதை விரலில் போட்டுப் பார்த்தேன். பெருவிரலுக்கும் பெரிதாக இருந்தது.

இனிப் பற்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்கவேண்டும். பல்லில் சாயம் பூசிச் சுற்றினால், தொடும் இடத்தில் அடையாளம் விழும். அவரிடம் இருந்த சாயக் குழல் காய்ந்து கல்லாகிவிட்டது. எங்களுக்குச் சோறு கொண்டுவந்திருந்த மனைவி கைப்பையைத் திறந்து குங்குமச் சிமிழை நீட்டினாள். "இது காணுமோ?"

குங்குமத்தைக் கிறீஸில் குழைத்தோம். அருமையான சிவப்பு. கராச்சுக்காரர் பெரிய பற்சக்கரத்தின் பல் ஒவ்வொன்றுக்கும் தூரிகையால் பக்குவமாகப் பூசிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் குனிந்து ஒளி பிடித்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் அலுவலாக வேலணைக்கு வந்தவர் எட்டிப் பார்த்தார். குங்குமத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"எந்தக் கோயில் ஐயர் சொன்னவர்?" என்று மெல்லக் கேட்டார்.

கராச்சுக்காரரின் கையிலிருந்த தூரிகை எங்கோ பறந்தது. நான் சிரித்துக்கொண்டு நிமிர்ந்ததில் அச்சில் தலை இடித்தது. அதற்கும் சேர்த்துச் சிரித்தேன்.

முதல் தரம் அடையாளம் பல்லின் விளிம்பில் விழுந்தது. மெல்லிய தகடொன்றை வைத்து மாற்றிச் சுற்றினோம். அது நடுவுக்கு வந்தது, பெருவிரலை ஒற்றி எடுத்ததுபோல ஒவ்வொரு பல்லிலும் ஒன்று. மனைவி கைதட்டினாள்.

எண்ணெய் ஊற்றி மூடிக்கொண்டு புறப்பட்டோம். ஐம்பது. ஒன்றுமில்லை. அறுபது. கடலின் இரைச்சலும், தளர்ந்த கதவுக் கண்ணாடி கடகடப்பதும் மட்டும் கேட்டன. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும் முடக்கு வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் திருப்பவில்லை. புங்குடுதீவுக்குள்ளால் குறிகட்டுவான் இறங்குதுறை வரை ஓட்டினேன், ஒரு அலுவலும் இல்லாமல். வழி நெடுக அவள் கையை வெளியே நீட்டி, பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் வரிசைகளை உச்சக் குரலில் பாடிக்கொண்டு வந்தாள். எனக்குப் பாட வராது. நானும் பாடினேன்.

இறங்குதுறையில் நயினாதீவிலிருந்து வந்த வள்ளம் அப்போதுதான் ஆட்களை இறக்கியிருந்தது. பஸ் போய்விட்டது. அருச்சனைக் கூடைகளோடு ஒரு கூட்டம் பெண்கள் வெயிலில் முழித்துக்கொண்டு நின்றார்கள். மனைவி அவர்களை எல்லாம் பின்பெட்டியில் ஏற்றினாள். அவர்களில் ஒரு வயதான அம்மா முன்னால் எங்களோடு ஏறி இருந்து, எனக்கு ஒரு வாழைப்பழத்தைத் தந்தார். காலடியில் இருந்த துரு ஓட்டைக்குள்ளால் றோட்டு ஓடுவதைக் குனிந்து பார்த்தார்.

"சத்தமே இல்லாமல் போகுது. புது வாகனமோ தம்பி?"

"ஓம் அம்மா" என்றாள் மனைவி, நான் வாயைத் திறக்க முதல். "இண்டைக்குத்தான் எடுத்தனாங்கள்."