ஏழு மணி ஸ்லாட்டுக்கு மாமனார் சாட்சி

ஆபீஸில் அவருக்கு ‘அரைமணி’ என்று பெயர். எந்த விமானக் கம்பெனிக்காரர் வந்து காலை ஏழு மணி கேட்டாலும், “ஏழரை தர்றேன், எடுத்துக்கங்க” என்பார். “ஏழரை ஏற்கெனவே எங்களைப் பிடிச்சு ஆட்டுது சார்” என்று அவர்கள் அழுதாலும் சிரிக்கமாட்டார்.

அவர் வேலை அப்படி. அந்த விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றுதான். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை விமானம்தான் ஏறி இறங்கலாம் என்று கட்டுப்பாடு. ஆனால் விடியற்காலை நேரம் எல்லாருக்கும் வேண்டும். அந்த நேரத்தைப் பங்கு போட அரசாங்கம் ஒரு ஆபீஸ் வைத்திருந்தது. அதன் ஜன்னலில் நின்றால் விமானம் தெரியாது, கார் நிறுத்துமிடம் தெரியும்.

ஸ்லாட் என்கிற அந்த நேரத்தை வாங்கியவர் பத்துக்கு எட்டு தடவையாவது பறந்துவிட்டால் அடுத்த ஆறு மாதப் பருவத்திலும் அது அவருக்கே. குறைந்தால் பிடுங்கி, காத்திருக்கும் புதியவருக்குக் கொடுக்கலாம். பனிமூட்டம், புயல் என்று வானம் கெடுத்தால் மட்டும் மன்னிப்பு. அதனால் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் சில கம்பெனிகள் விமானத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான், துண்டுக்குப் பதில் விமானம்.

அப்படி ஒரு சின்னக் கம்பெனி சனிக்கிழமை காலை ஏழு மணியைப் பிடித்து வைத்திருந்தது. கூட்டமே இல்லாத ஊருக்குப் போகும் விமானம் அது. டிக்கெட் அடிமாட்டு விலை. அதற்கு ஒரே ஒரு தீவிர ரசிகர் இருந்தார். அரைமணியின் மாமனார்.

மாமனார் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன மகள் வீட்டில், அதாவது அரைமணி வீட்டில், குடியிருந்தார். மூத்த மகள் அந்த ஊரில் இருந்தாள். வாராவாரம் அங்கே போய் மூத்த மாப்பிள்ளையோடு சீட்டாடிவிட்டு மறுநாள் மாலை திரும்புவார். அவர் இல்லாத அந்த ஒன்றரை நாள்தான் அரைமணிக்கு வாழ்க்கை. டிவி ரிமோட் இவர் கைக்கு வரும். “மாப்பிள்ளை, விசில் ஊதாம எப்படி வண்டிய அனுப்புறீங்க?” என்று கேட்க ஆள் இருக்காது.

பருவம் முடிந்து பார்த்தால், அந்தக் கம்பெனி எட்டைத் தொடவில்லை. ஸ்லாட்டைத் திருப்பி எடுப்பதாக அரைமணி நோட்டீஸ் எழுதினார். கையெழுத்துப் போடுமுன் பேனா சற்று நேரம் நின்றது. தன் சனிக்கிழமைக்குத் தானே குழி தோண்டுகிறோமே என்ற வருத்தம். பிறகு போட்டுவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை.

கம்பெனி மேனேஜர் விசாரணை கேட்டார். ரத்தானதெல்லாம் பனிமூட்டத்தால் என்பது அவர் வாதம். விசாரணை அன்று, “பொதுமக்கள் சார்பா ஒரு பயணியும் வந்திருக்கார்” என்று கதவைத் திறந்தார்.

இஸ்திரி போட்ட சட்டையில் மாமனார் உள்ளே வந்தார்.

அரைமணி எழுந்து, விசாரணைக்கு வந்திருந்த பெண் தலைமை அதிகாரியிடம், “மேடம், இவர் என் மாமனார். நான் இதுல உட்காரக்கூடாது” என்றார்.

“ஓரமா உட்காருங்க. பேசாதீங்க. முடிவு நான் பாத்துக்கறேன்” என்றார் அவர்.

“சொல்லாம வந்து அசத்தலாம்னு இருந்தேன் மாப்பிள்ளை” என்றபடி மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “அம்மா, இந்த விமானத்தை மட்டும் எடுத்துடாதீங்க. இது மாதிரி சொகுசு எங்கயும் கிடையாது. மூணு சீட்டுல கால நீட்டிப் படுத்துக்கிட்டே போவேன்.”

மேனேஜர் இருமினார். “ஐயா, பனியால நீங்க பட்ட கஷ்டத்தைச் சொல்லுங்க.”

“எந்தப் பனி?”

“விமானம் ரத்தான நாள்ல இருந்த பனி.”

“அன்னிக்கெல்லாம் வெயில் மண்டையப் பொளந்துச்சே. வீட்டுக்குத் திரும்பி வந்து மொட்டை மாடியில போர்வை காயப்போட்டேன்.” மாமனார் தலைமை அதிகாரி பக்கம் திரும்பினார். “கவுண்டர்ல இருக்கற பொண்ணு சொல்லுச்சும்மா. ‘ஐயா, இன்னிக்கு நீங்க ஒருத்தர்தான், அதனால வண்டி எடுக்கல’ன்னு. நல்ல பொண்ணு, காபி வாங்கிக் குடுத்துச்சு. நான் இருபது வருஷம் டைம் கீப்பர். ஆள் இல்லாத வண்டிய நிறுத்தறதுல தப்பே இல்லம்மா. இவங்க செஞ்சது சரிதான்னு சொல்லத்தான் வந்தேன்.”

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். அரைமணி கூரையைப் பார்த்தார். மாமனாரை வெளியே உட்காரவைத்துவிட்டு வானிலை அறிக்கையை வரவழைத்துப் பார்த்ததில் அதிலும் வெயில்தான் இருந்தது. ஸ்லாட் போனது. வேறொரு ஊருக்குப் பறக்கும் புதுக் கம்பெனிக்கு அது கிடைத்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மாமனார் உற்சாகமாக வந்தார். “நல்லாப் பேசினேன்ல? அந்தம்மா எழுதிக்கிட்டே இருந்தாங்க.”

“நல்லாப் பேசினீங்க மாமா.”

“அப்ப சனிக்கிழமை வண்டி உண்டுதானே?”

அரைமணி விஷயத்தைச் சொன்னார்.

வீட்டில் மனைவி, “அப்பாவே வாயக் குடுத்து மாட்டிக்கிட்டா நீங்க என்ன செய்வீங்க” என்று அரைமணியைத் தேற்றினாள். அதோடு விட்டிருக்கலாம். அக்காவுக்குப் போன் செய்து, “அப்பா வர முடியாதுன்னா என்ன, நீங்க எல்லாரும் இங்க வாங்க” என்றும் சொன்னாள்.

வந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் ரயிலில் வந்து இறங்கிய சகலை, நேராக அரைமணியின் கட்டிலில் சாய்ந்தார். சாயங்காலம் கூடத்தில் சீட்டுக்கட்டு பிரிந்தது. ஒரு ஆள் குறைந்தது.

“உட்காருங்க சகலை” என்றார் அவர். “ஆமா, எங்க ஊருக்கு ஒரு விமானம் விடக்கூடாதா நீங்க?”

“யாராவது கேட்டா நேரம் குடுப்பேன். விமானம் நான் வெச்சிருக்கலியே.”

“சும்மா பேசாதீங்க மாப்பிள்ளை, சீட்டை எடுங்க” என்றார் மாமனார். அரைமணிக்கு ஆட்டமே தெரியாது. ஆனாலும் ராத்திரி சாப்பாட்டுக்குள் மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டார். மாமனார் அவரைப் புது மரியாதையோடு பார்த்து, இனி வாராவாரம் தன் பக்கத்தில்தான் அவர் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்.