பாதிரியாருக்குத் திரும்பி வந்த பெயர்கள்

நோர்வேயில், ஹொல்ம்லியாப் பக்கத்து வயோதிபர் இல்லம் ஒன்றில் இருபத்தாறு வருஷம் வேலை செய்தேன். ரப்போர்ட் எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர்கள் படிக்கும் குறிப்பு அது. நான் இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டேன். அந்தக் கெட்டித்தனம்தான் கடைசி வருஷத்தில் என்னைக் கவிழ்த்தது.

பதினோராம் அறையில் ஒரு பாதிரியார் இருந்தார். இளவயதில் ஹவாய்த் தீவுகளில் ஊழியம் செய்தவர். அங்கத்தைய பழங்கதைகளைக் கேட்டெழுதி, நோர்வேஜிய மொழியில் புத்தகமாக்கி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சொல்லித் திரிந்தவர். ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே முகம் சுருங்கிவிடும்.

“கதை சொன்ன மனுசி முதல்லை தன்ரை பரம்பரையின்ரை பேரெல்லாம் சொல்லுவா. பிறகுதான் கதை. வாசிக்கிற சனத்துக்கு அலுக்கும் எண்டு நான் பேருகளை வெட்டிப்போட்டன். சாகமுன்னம் அந்தப் பேருகளைத் திரும்ப ஒருக்காக் கேட்டால் போதும் எண்டு கிடக்கு” என்பார். சொன்னது நோர்வேஜிய மொழியில்தான். எனக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கிறது.

ஒரு மாரிக்காலக் காலை, குளிக்க வார்க்கும்போது தெரியாத மொழியில் விடாமல் ஏதோ சொல்லத் தொடங்கினார். சவர்க்காரம் போட விடாமல் என் கையைத் தட்டிவிட்டார். எனக்கோ இன்னும் ஐந்து பேரைக் குளிப்பாட்ட வேண்டும். “குழப்பம், உளறல்” என்று ரப்போர்ட்டில் எழுதினேன். அடுத்த இரண்டு நாளும் அவர் அப்படியே சொல்ல, நானும் அதையே எழுதினேன். டொக்டர் படித்துவிட்டு, அமைதிப்படுத்தும் குளிசை கொடுத்தார்.

“அண்ணை, பதினோராம் அறையிலை இப்ப ஒரு சோலியுமில்லை” என்றாள் கூட வேலை செய்த ஒரு தமிழ்ப் பிள்ளை. எனக்கும் நிம்மதிதான்.

ஒரு கிழமை கழித்துப் பாதிரியாரே கேட்டார்.

“அண்டைக்கு அந்தப் பேருகள் வந்ததெல்லோ. தண்ணி தலையிலை விழ, ஒவ்வொண்டா வந்தது. நீர் பக்கத்திலை நிண்டனீர். எழுதி வைச்சனீரோ?”

எழுதித்தான் வைத்திருந்தேன், இரண்டே சொல்லில்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. டொக்டரிடம் நடந்ததைச் சொல்லிக் குளிசையை நிறுத்துவித்தேன். பிறகு ஒவ்வொரு காலையும் தலையில் தண்ணீர் வார்த்துக் காத்து நின்றோம். ஒன்றும் வரவில்லை. என் காதில் நின்றவை இரண்டு பெயர்கள்: காலானி, மாகானா. பிழையாகவும் இருக்கலாம். சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்து, என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பிறகு?”

“தெரியாது.”

கையை விடவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. உளறல் என்று எழுதமுன், என்ன சொல்கிறீர்கள் என்று ஒருதரம் கேளுங்கள்.

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். குளிக்கும்போது காலானி, மாகானா என்று சொல்லிப் பார்க்கிறேன். மூன்றாவது பெயர் வந்தாலும் கொண்டுபோய்ச் சொல்ல அவர் இல்லை. என்றாலும், வரட்டும் என்றுதான் கிடக்கிறது.