சித்தி மூடாமல் விட்ட ஓட்டை

சித்திக்குத் திறந்து கிடக்கும் எதையும் பிடிக்காது. டப்பா, அலமாரி, பக்கத்து வீட்டு கேட், பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் பை ஜிப் என்று கண்ணில் பட்டதையெல்லாம் மூடிவிட்டுத்தான் நகருவாள். நான் வாயைத் திறந்துகொண்டு தூங்கினால் தாடையைத் தட்டி மூடிவிட்டுப் போவாளாம், அம்மா சொல்வாள். சின்ன வயதிலிருந்து நான் பார்த்துச் சிரித்த இந்தப் பழக்கம்தான் ஒருநாள் அவள் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

சித்தி ஒரு சலவைக்கூடத்தில் பாய்லர் பார்க்கிறாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்க நீராவி வேண்டும். அதற்கு மரச்சீவலையும் கடலைத்தோலையும் எரிக்கிறார்கள். துவைத்த விரிப்புகள் காய்வது பாய்லர் அறையை ஒட்டிய முற்றத்தில். புகைபோக்கி மேலிருந்து கரியைக் கொட்டும், விரிப்பில் புள்ளி விழும். மறுபடி துவைக்க மறுபடி நீராவி, மறுபடி தீ, மறுபடி புகை. நாய் தன் வாலைத் துரத்துகிற கதைதான்.

ஆஸ்பத்திரியில் துணிகளுக்குப் பொறுப்பான மேடம் கடைசி எச்சரிக்கை கொடுத்தார். வெள்ளிக்கிழமை வருவாராம். அவர் கண்ணெதிரே ஒரு விரிப்பு காய வேண்டும். ஒரு புள்ளி விழுந்தாலும் துணியெல்லாம் வேறு இடத்துக்குப் போய்விடும். முதலாளி எண்ணெய் பாய்லருக்கு விலை விசாரிக்க ஆரம்பித்தார்.

"அதுக்குப் பொத்தான அமுக்கினா போதுமாம்டி. அத நானே அமுக்கிக்குவேன், நீ எதுக்குன்னு சிரிச்சுக்கிட்டே கேக்குறாரு" என்றாள் சித்தி. அவள் சிரிக்கவில்லை.

எனக்குக் கல்லூரி விடுமுறை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான், அதிலும் வேதியியல். கூடவே போனேன்.

"காத்து பத்தல சித்தி, அதான் கரி கக்குது. ப்ளோயர முழுசா விடு."

விட்டாள். தீ எரியும் இரும்புக் கம்பித் தட்டுக்கு அடியிலிருந்து காற்று சீறியது. சாம்பலும் பொறியும் எரியாத கடலைத்தோலும் புகைபோக்கி வழியே ஊர்வலம் போயின. பிரஷர் முள் இறங்கியது. அடுப்புக் கதவில் தீயைப் பார்க்க உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓட்டை உண்டு. அதன் இரும்பு மூடியைச் சித்தி தூக்கியதும் தீ வெளியே நாக்கை நீட்டி அவள் புருவத்தைக் கருக்கியது.

"நீ படிச்சது தீய அணைக்கிற படிப்பாடி?"

ப்ளோயரைக் குறைத்தோம். கரும்புகை திரும்பியது. சித்திக்கு வழக்கமாக வரும் தலைவலியும் திரும்பியது. கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு என்றால் காற்றை எங்கேதான் வைப்பது?

சித்தி கோபத்தில் முற்றத்துக்கு வந்து கத்தினாள். "இந்தப் புகைய எவன் நிறுத்துறானோ அவன் சட்டைய நான் என் கையால இஸ்திரி போட்டுத் தர்றேன்!"

முற்றத்தில் புகைபோக்கியைப் பார்த்தபடி தினமும் இஸ்திரி போடுகிற அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஊருக்கெல்லாம் நான் போடறேன், எனக்கு எவன் போடறான்? சரி தங்கச்சி, ஒரு சந்தேகம். நடுநடுவுல புகை நின்னுபோவுதே, அப்ப உள்ள என்ன பண்றே?"

"நிக்குதா? நான் எப்ப வந்து பாத்தாலும் கருப்பாத்தானே இருக்கு!"

"நீ வர்றதுக்கு முன்னாடி நிக்கும். வந்ததும் ஆரம்பிச்சுடும். உன்ன வரவேற்குது போல."

சித்தி உள்ளே ஓடினாள். நான் வாசலில் நின்றேன்.

"தோல் போடறேன்!"

"கருப்பு!" என்றார் அண்ணன்.

"ஓட்டையத் திறந்து பாக்கறேன்!"

அண்ணன் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "நிக்குது! ஏய், நிக்குது!"

"மூடறேன்!"

"கருப்பு!"

"திறக்கறேன்!"

"நின்னுடுச்சு!"

எனக்குப் புரிந்துவிட்டது. சித்தி ஓட்டை வழியே தீயைப் பார்ப்பாள், மூடியைப் போடுவாள், அப்புறம்தான் வெளியே வந்து புகைபோக்கியைப் பார்ப்பாள். இத்தனை வருஷமும் தான் மூடிவிட்டு வந்த புகையையே பார்த்திருக்கிறாள்!

புகை என்பது பாதி எரிந்த விறகுதான். அடியிலிருந்து வரும் காற்றைக் கங்குகளே தின்றுவிடுகின்றன. மேலே எழும் வாயுவுக்கு மிச்சமில்லை. ப்ளோயர் தணிந்திருக்கும்போது ஓட்டை வழியே நுழையும் காற்று அதைச் சூடு ஆறுவதற்குள் பிடித்து எரித்துவிடுகிறது. எரிதலின் சமன்பாட்டை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அதில் இல்லை. வகுப்பில் நான் கேட்காததாலா, சமன்பாட்டில் அதற்கு இடமே இல்லாததாலா? இன்னும் தெரியவில்லை.

அன்று முழுக்க எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓட்டை முழுசாகத் திறந்திருந்தால் குளிர்ந்த காற்று புகுந்து முள் இறங்கியது. மூடிக்கு அடியில் ஒரு பழைய போல்ட்டைச் செருகினோம், மூடி கொஞ்சம் மட்டும் திறந்து நின்றது, முள்ளும் இறங்கவில்லை. ப்ளோயரைத் தணித்தோம். கூடை கூடையாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினாள். உள்ளே தீ நீண்டு, மஞ்சளாகப் பளபளத்தது.

வெள்ளிக்கிழமை மேடம் கொடிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சித்தியால் வெளியே வர முடியாது. அவள் கை மட்டும் மூடியிடம் போய்ப் போய் வந்தது.

"மூடாதே சித்தி!"

"கை அரிக்குதுடி! திறந்து கெடக்கறதப் பாத்தா மனசு கேக்கல!"

கடைசியில் அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

காய்ந்த விரிப்பை மேடம் முன்னும் பின்னும் புரட்டினார். வெளுப்பு. புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து முகம் சுளித்தார்.

"பாய்லர நிறுத்திட்டு என்ன ஏமாத்துறீங்களா?"

சித்தி நீராவி வால்வைத் திறந்தாள். அது போட்ட விசிலில் மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எண்ணெய் பாய்லர் பேச்சு அதோடு போயிற்று. சித்தியின் தலைவலியும் நின்றது. கண்ணுக்குத் தெரியாத வாயுக்களும் உண்டு, புகை தெரியவில்லை என்பதால் எல்லாம் எரிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்றேன். "அத நீ படிச்சு முடிச்சிட்டு வந்து சொல்லு" என்றாள்.

ஆனால் அந்த இஸ்திரி? அண்ணன் இன்னும் வேண்டுமென்றே கசங்கிய சட்டையில்தான் வேலைக்கு வருகிறார். பாய்லர் அறை வாசலில் நின்று, "தங்கச்சி, என் பாக்கி?" என்று கேட்கிறார்.

"தீய விட்டுட்டு எப்படிண்ணே வர்றது? நாளைக்கு" என்கிறாள் சித்தி. "முதல்ல அந்த மேல் பட்டனப் போடு. திறந்து கெடக்கு."