கப்பலில் நான் வாங்கி வைத்துக்கொண்ட இருபத்தாறு சாவிகள்

1. ஏறிய நாள்

2024 ஜூலை 15, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். சென்னைத் துறைமுகத்தில் மேகம் மூடிப் புழுங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை, மழையும் வரவில்லை. பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. பெரம்பலூரிலிருந்து வந்த பஸ் வழியில் இரண்டு இடத்தில் நின்றது. இரண்டு இடத்திலும் ஆட்களை எண்ணினேன். துறைமுக வாசலில் மூன்றாவது முறை. இருபத்தாறு. சரியாக இருந்தது.

பெரம்பலூர் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருபத்தொன்பது வருடம் டூர் ஆபீஸ் நடத்தினேன். பி.எஸ்சி. கணிதம் படித்தவன். வேளாங்கண்ணி, பழனி, ராமேஸ்வரம், காசி என்று என் நோட்டுப்படி அறுநூற்றுப் பன்னிரண்டு பயணம். அறுநூற்றுப் பதின்மூன்றாவதும் கடைசியும் இந்தக் கப்பல். எனக்கு எழுபத்தொரு வயது ஆகியிருந்தது. இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

கப்பல் என் யோசனை இல்லை. குன்னத்துப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற செல்லமுத்து என்பவர் என்னோடு பதினொரு டூர் வந்தவர். அவர்தான் ஒருநாள் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "காசி பாத்தாச்சு, ஏரோப்ளேனும் ஏறியாச்சு. கப்பல் ஒண்ணுதான் பாக்கி, போட்டு வுடுங்க சார்" என்றார். நான்கு இரவு. சென்னையில் ஏறி, ஒருநாள் கடல், ஒருநாள் இலங்கைத் துறைமுகம், இன்னொரு நாள் கடல், வெள்ளிக்கிழமை காலை திரும்பவும் சென்னை. இருபத்தாறு பேருக்குப் பதினோரு கேபின். எனக்குத் தனியாக ஒன்று.

ஏறும்போது ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கார்டு கொடுத்தார்கள். அறைச் சாவி அதுதான். கடையில் பணமும் அதுதான். கப்பலை விட்டு இறங்கி ஏறும்போது அடையாளமும் அதுதான். எங்கள் ஆட்கள் கேட்காமலேயே கார்டை என்னிடம் நீட்டினார்கள். ரயில் டிக்கெட், ஆதார் நகல், லாட்ஜ் சாவி எல்லாம் எப்போதும் என் பையில்தான் இருக்கும். ஒவ்வொரு கார்டிலும் அறை எண் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, அறைவாரியாக ரப்பர் பேண்டு போட்டுத் தோள்பையில் வைத்துக்கொண்டேன். எட்டு நிமிடம் ஆயிற்று.

ஒருவர் மட்டும் தரவில்லை. ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த மரியபுஷ்பம் டீச்சர். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, அறுபத்து மூன்று வயது. நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். கடைசியில் கொடுத்தார். "பரீட்சை பேப்பரைக்கூட நான் இப்படிப் புடுங்குனது இல்ல சார்" என்றார்.

கப்பல் கிளம்புமுன் ஆபத்துக் காலப் பயிற்சி நடந்தது. எல்லோரும் ஓரிடத்தில் கூடி அவரவர் கார்டைக் காட்ட வேண்டும். நான் மொத்தக் கட்டையும் எடுத்துக் கொடுத்தேன். ரிசப்ஷனில் வேலை செய்கிற ஒரு சென்னைப் பெண் அங்கே நின்றிருந்தார். "சார், இது அவங்கவங்க கையில இருக்கணும்" என்றார். என் ஆட்கள் தொலைத்துவிடுவார்கள் என்று சொன்னேன். அவர் மறுபடியும் ஒருமுறை சொன்னார். நான் தலையாட்டிவிட்டு, கட்டைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

2. காசியில் நடந்தது

நான் ஏன் இப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறை காசிக்கு நாற்பத்தொரு பேரை அழைத்துப் போயிருந்தேன். எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி. கிளம்பும்போது பஸ்ஸில் எண்ணினேன், நாற்பத்தொன்று. எண்பது கிலோமீட்டர் போன பிறகு கடைசி சீட்டில் இருந்த மஞ்சள் தொப்பி தெலுங்கில் தண்ணீர் கேட்டது. வேறு டூர்க்காரரின் ஆள். தூங்க இடம் பார்த்து எங்கள் பஸ்ஸில் ஏறியிருந்தார். எங்கள் ஆளான செந்துறைக்காரப் பெரியவர் காசியிலேயே நின்றுவிட்டார். மறுநாள் மத்தியானம்தான் ஒரு படித்துறையில் அவரைக் கண்டுபிடித்தோம். ஒருவேளைகூடச் சாப்பிட்டிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அழுதார்.

அதிலிருந்து தலையை மட்டும் எண்ணுவதில்லை, பேரையும் கூப்பிடுவேன். அதற்குப் பிறகு ஒருவரைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை. கடைசிப் பயணத்தையும் அப்படியே முடிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை. இங்கே சுற்றிலும் கடல். தொலைந்தால் தேடப் படித்துறைகூடக் கிடையாது.

3. இருபது நிமிடத் திட்டம்

கப்பலில் பதினொரு தளம். டெக் என்கிறார்கள். ஒரு தளத்துக்கும் அடுத்ததுக்கும் பதினெட்டுப் படி. மேல் தளத்தில் ஒரு பெரிய நீச்சல் குளம், மூன்று வெந்நீர்த் தொட்டி, வளைந்து இறங்குகிற தண்ணீர்ச் சறுக்கு. அந்தச் சறுக்குக்கு ஏற மட்டும் நாற்பத்தாறு படி. மலை ஏறிப் பழகுவதற்குச் சுவர் ஒன்று. உள்ளே நாடகக் கொட்டகை, உடற்பயிற்சி அறை, குழந்தைகள் விளையாடும் அறை, சூதாட்டக் கூடம், சாப்பிட ஐந்து இடம்.

முதல் நாள் சாயங்காலமே ஒரு தாளில் திட்டம் போட்டேன். ஒவ்வோர் இடத்துக்கும் இருபது நிமிடம். எல்லோரும் சேர்ந்து போகவேண்டும், சேர்ந்து திரும்பவேண்டும். கோயில் டூரில் அப்படித்தான் செய்வோம்.

கொட்டகையில் இருபது நிமிடம் காலி மேடையைப் பார்த்தோம். சூதாட்டக் கூடத்தின் வாசலில் இருபது நிமிடம் நின்றோம். யாரும் உள்ளே காலை வைக்கவில்லை. இரண்டு பேர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார்கள். உடற்பயிற்சி அறையில் வெள்ளைக்காரர் ஒருவர் ஓடும் பெல்ட்டில் வேர்க்க வேர்க்க ஓடிக்கொண்டிருந்தார். செல்லமுத்து சற்று நேரம் பார்த்துவிட்டு, "இவுரு கப்பல வுட்டு முன்னாடியே போயிடுவாரு போலருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் நேரத்தில் இரண்டு நிமிடத்தைத் தின்றது.

குளத்தில் யாரையும் இறங்க விடவில்லை. சறுக்கையும் கீழே நின்று பார்த்தால் போதும் என்றேன். டீச்சர் என் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் கேட்டார். "எங்க ஊர்த் தேர்கூட இதைவிட அதிக நேரம் நிக்கும் சார். கப்பலச் சுத்திக் காட்டிட்டீங்க, சரி. இதுல எப்ப இருக்கறது?"

வெள்ளிக்கிழமை எல்லோரையும் ஊரில் இறக்கிய பிறகு சொல்கிறேன் என்றேன்.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் பதினோரு அறையையும் நானே திறந்துவிட்டு, உள்ளே போனவர்களை எண்ணிவிட்டுப் படுத்தேன். காலையில் எல்லோரும் வெளியே வந்தார்கள். கதவுகள் தாமாகவே மூடிப் பூட்டிக்கொண்டன.

4. இருபத்தைந்து

செவ்வாய்க்கிழமை காலை எல்லோரையும் குளத்துக்குப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார வைத்தேன். கப்பல் போட்டோக்காரர் படம் எடுப்பதாக இருந்ததால் நல்ல சட்டை, நல்ல புடவை. பத்தேகால் மணிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசை சொல்லக் கீழே போனேன். திரும்பி வந்தபோது மணி பத்து நாற்பது. எண்ணினேன். இருபத்தைந்து. பேர் கூப்பிட்டேன். செல்லமுத்து இல்லை.

அவர் மனைவி ராசாத்தி போட்டோவுக்காகத் தலை வாரிக்கொண்டிருந்தார். "இந்தா வந்துடறேன்னு எந்திரிச்சுப் போனாருங்க சார். பாத்ரூமாத்தான் இருக்கும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவருக்கு அப்பப்ப மூச்சு இழுக்கும். ஆனா மூச்சுக்கு அடிக்கற பஃப் சட்டைப் பையிலதான் வச்சிருப்பாரு" என்றார்.

அந்தத் தளத்து ஆண்கள் கழிப்பறை நான்கிலும் பார்த்தேன். இல்லை. கம்பி ஓரம் போய்க் கடலை எட்டிப் பார்த்தேன். மற்ற இருபத்தைந்து பேரையும் இடத்தை விட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தளம் தளமாக இறங்கினேன். கொட்டகை, உடற்பயிற்சி அறை, சூதாட்டக் கூடம், சாப்பாட்டு இடம் ஐந்தும், குழந்தைகள் அறையும்கூட. அறைகள் இருக்கிற தளங்களை மட்டும் விட்டுவிட்டேன். அவர் அறைக்குப் போயிருக்க முடியாது, சாவி என் பையில் இருக்கிறதே என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

நாற்பத்தேழு நிமிடம் தேடினேன். கடைசியில் ரிசப்ஷனுக்குப் போய் ஆள் கடலில் விழுந்துவிட்டார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தச் சென்னைப் பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க ஆள் மெடிக்கல் சென்டர்ல இருக்காரு சார். உயிரோட இருக்காரு. வாங்க" என்றார்.

நடந்தது இதுதான். குளத்தில் போடுகிற மருந்து வாடையில் செல்லமுத்துவுக்கு இழுப்பு வந்திருக்கிறது. பையைத் தொட்டிருக்கிறார். போட்டோவுக்காகச் சட்டை மாற்றியதில் பஃப் பழைய சட்டையோடு அறையில் தங்கிவிட்டது. மனைவி பயந்துவிடுவார் என்று சொல்லாமல் எழுந்து, முதலில் என்னைத் தேடியிருக்கிறார். நான் அங்கே இல்லை. ஏழாவது தளத்துக்குப் போய்த் தன் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். அறை துடைக்கிற பையன் வந்து கார்டு கேட்டிருக்கிறான். அவர் வெறும் கையைக் காட்டியிருக்கிறார். கார்டு இல்லாமல் திறந்துவிட அவனுக்கு அனுமதி கிடையாது. ரிசப்ஷனுக்குப் போன் செய்ய ஓடியிருக்கிறான்.

அதே நேரம் டீச்சர் என் பேச்சை மீறி எழுந்து ரிசப்ஷனில் வந்து நின்றிருக்கிறார். சாவி இல்லாதவன் கதவுக்கு முன்னால்தான் நிற்பான், பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருடம் பார்த்திருக்கிறேன் என்று சொல்லி அறை எண்ணைக் கொடுத்திருக்கிறார். இரண்டு தகவலும் சேர்ந்ததும் டாக்டர் ஓடியிருக்கிறார்.

5. மெடிக்கல் சென்டர்

செல்லமுத்துவின் முகத்தில் நெபுலைசர் மாஸ்க் இருந்தது. ராசாத்தி அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. சுவரோரம் நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து மாஸ்க்கை எடுத்தார்கள்.

"என்னத் தேடினீங்களாமே" என்றார்.

"ஆமாங்க. நாப்பத்தேழு நிமிஷம்."

"நானும் உங்களத்தான் தேடினேன்." மூச்சு விட்டு விட்டுப் பேசினார். "கதவத் தள்ளிப் பாத்தேன். பலக இத்தினி கனம்தாங்க சார். அந்தாண்ட என் சட்ட தொங்குது, அதுல என் மூச்சு இருக்கு. தட்டக்கூடத் தட்டினேன். உள்ள யாரு இருக்கா, வந்து தொறக்க?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை.

காசிப் பெரியவர் ஏன் சாப்பிடவில்லை என்பது அந்தச் சுவரோரம் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பணம், டிக்கெட், ஊர் விலாசம் எல்லாம் என் பையில் இருந்தன. எண்ணியதில்தான் தப்பு என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

6. திருப்பிக் கொடுத்தது

அன்று மத்தியானமே கார்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். ஏழு பேர் வாங்க மறுத்தார்கள். தொலைந்துவிடும், நீங்களே வச்சுக்குங்க என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அப்படிப் பழக்கியது நான். பதினோரு அறை வாசலுக்கும் போய் ஒவ்வொருவரையும் மூன்று முறை கதவைத் திறந்து காட்டச் சொன்னேன். அதற்கு ஆனது இரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. ராசாத்திக்கு இரண்டு முறை சிவப்பு விளக்கு வந்தது. மூன்றாவது முறை பச்சை. அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். கார்டைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

அதன் பிறகு கப்பல் வேறு கப்பலாகிவிட்டது. என் ஆட்களை எங்கும் சேர்ந்தாற்போலக் காணவில்லை. நான்கு பேர் கொட்டகையில் மந்திரக் காட்சி பார்த்தார்கள். இரண்டு பேர் வெந்நீர்த் தொட்டியில் வேட்டியோடு இறங்கி, காவலாளி சொல்லி ஏறினார்கள். டீச்சர் சுடிதாரில் நாற்பத்தாறு படி ஏறிச் சறுக்கி விழுந்து, தலை நனைந்து எழுந்து, மறுபடி ஏறினார். ஆறு தடவை வரை எண்ணினேன். பிறகு நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் அது பொய். ஒன்பதாவது தளத்தில் உட்கார்ந்து உயிர்காப்புப் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை இலங்கையில் இறங்கினார்கள். நாலரைக்குள் திரும்ப வேண்டும். நான் மூன்று மணிக்கே கப்பலில் ஏறும் ஏணி வாசலில் போய் நின்றேன். ரிசப்ஷன் பெண் ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டார். ஒவ்வொருவராக வந்து தங்கள் கார்டைத் தாங்களே மிஷினில் வைத்தார்கள். ஒரு சின்னச் சத்தம் வரும், திரையில் அவர்கள் முகம் தெரியும். நான் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. நாலு பன்னிரண்டுக்கு இருபத்து நாலு பேர் வந்திருந்தார்கள். செல்லமுத்துவும் ராசாத்தியும் பாக்கி. நான் எழுந்து ஏணியில் இரண்டு படி இறங்கிவிட்டேன். நாலு பத்தொன்பதுக்கு இருவரும் தேயிலைப் பொட்டலங்களோடு, அவசரமே இல்லாமல், பேசிக்கொண்டு வந்தார்கள்.

"உக்காந்துக்கங்க சார்" என்றார் செல்லமுத்து. "நாங்க வந்துருவோம்ல."

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எண்ணுவதை விடவேண்டாம். ஆனால் சாவியை அவரவர் கையில் கொடுத்துவிட்டு எண்ணுங்கள். நாம் கூட இல்லாத நேரத்தில் அவர்களுக்கு ஏதாவது ஆகும். அப்போது நம் பையில் இருப்பது எதுவும் அவர்களுக்கு உதவாது.

வெள்ளிக்கிழமை காலை இறங்கும்போது டாக்டர் பில் செல்லமுத்துவின் பேருக்கு வந்தது. அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொல்லவே இல்லை. டீச்சர்தான் சொன்னார். இழுப்பு தன்னுடையது, தானே கட்டுவதாகச் செல்லமுத்து வாதாடினார். கதவைப் பூட்டியது நான் என்றேன். பில்லைக் கையிலிருந்து வாங்கிக் கட்டினேன். டாக்டர், நெபுலைசர், மருந்து, வரி சேர்த்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.